சென்னை வணிகப் பகுதிகளின் உச்ச மின்தேவையில் பெரும்பொழுதும் சிறுபொழுதும்

ஆய்வுச் சுருக்கம்

வெயில் ஏறினால் மின்தேவை ஏறும் என்னும் பொதுக்கருத்து சென்னையின் வணிகப் பகுதிகளுக்குப் பாதியளவே பொருந்துகிறது. உச்ச மின்தேவையின் அளவு மட்டுமன்றி, அது நிகழும் நேரமும் பருவந்தோறும் மாறுகிறது. இம்மாற்றத்தை வெப்பநிலை ஒன்றைக் கொண்டு அறிய இயலாது. காற்றின் ஈரப்பதம், கடற்காற்று வீசத் தொடங்கும் நேரம், இரவின் வெம்மை, கடைவீதியின் கூட்டம் ஆகியவை சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்துக் காணும் தமிழ் மரபைச் சட்டகமாகக் கொண்டு, மின்தேவையின் இயற்பியல் காரணங்களையும், மின்மாற்றிகளின் ஆயுளுக்கும் கட்டண முறைக்கும் அவற்றால் நேரும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உச்ச மின்தேவை, வணிகப் பகுதி, ஈரப்பதம், கடற்காற்று, குளிரூட்டல், மின்மாற்றி, உச்சநேரக் கட்டணம்

முன்னுரை

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட் என்னும், அதுவரை காணாத அளவைத் தொட்டது. அதே மாதம் 30ஆம் நாள் இந்தியா முழுமைக்குமான உச்சத்தேவை 250 கிகாவாட்டை எட்டியது. இத்தகைய எண்கள் செய்தியாகும்போது ‘கோடை வெயிலின் தாக்கம்’ என்ற ஒற்றைக் காரணத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காரணம் தவறன்று, ஆனால் அது போதாது. எந்த வெயில், எந்த நேரத்து வெயில், உலர்ந்த வெயிலா புழுக்கமா, எவ்வகைக் கட்டடத்தின் மீது விழும் வெயில் என்னும் வினாக்களுக்கு அது விடை தருவதில்லை.

உச்ச மின்தேவையும் மின்நுகர்வும் வேறு வேறானவை. நுகர்வு என்பது நாள் முழுவதும் குடத்தில் சேர்ந்த நீரின் அளவு போன்றது. உச்சத்தேவை என்பது ஏதேனும் ஒரு வேளையில் குழாயில் பாய்ந்த நீரின் மிகுதியான வேகம். துணைமின்நிலையம், புதைவடம், மின்மாற்றி ஆகிய அனைத்தும் பின்னதற்கு ஏற்பவே அமைக்கப்படுகின்றன. ஆண்டில் சில பத்து மணி நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் திறனுக்காக ஆண்டு முழுவதும் முதலீடு முடங்கிக் கிடக்கிறது. அந்தச் சில மணி நேரங்கள் எப்போது வரும் என்பதை அறிவது இதனாலேயே பொருளுடைய ஆய்வாகிறது.

சென்னையில் வணிகப் பகுதி என்பது ஒரே தன்மையது அன்று. தியாகராய நகரின் உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும் மாலையிலும் விடுமுறை நாளிலும் நிறைபவை. அண்ணா சாலையின் அலுவலகங்களும் பழைய மாமல்லபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் வேலை நாளின் பகலுக்கு உரியவை. சௌகார்பேட்டையின் மொத்த வணிகம் இவ்விரண்டிலும் சேராது. ஒரே வானிலை இம்மூன்றிலும் மூன்று வகையான உச்சங்களைத் தோற்றுவிக்கும்.

பெரும்பொழுது: ஆண்டின் ஓட்டம்

தமிழ் மரபு ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. மின்தேவை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கோடை, மழை, குளிர் என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றனர். சென்னையைப் பொறுத்தவரை ஆறாகப் பகுப்பதே உண்மைக்கு அணுக்கமானது. எனினும் பெயர்களை அப்படியே கொள்ளுதல் கூடாது. சித்திரை, வைகாசியை உள்ளடக்கிய இளவேனிலே சென்னையின் கடும் வெப்பக் காலம். கார் எனப்படும் ஆவணி, புரட்டாசியில் இங்கு மாலை நேர இடிமழையே மிகுதி. நகரின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிரில்தான் பெய்கிறது.

மக்கள் வழக்கில் உள்ள கத்திரி வெயிலின் எல்லையும் மின்தேவையின் எல்லையும் ஒன்றாக இல்லை. மேலே குறிப்பிட்ட 2024ஆம் ஆண்டின் உச்சம் அக்கினி நட்சத்திரம் தொடங்கும் முன்னரே நிகழ்ந்தது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 45 டிகிரி செல்சியஸ், 2003 மே 31 அன்று, அக்கினி நட்சத்திரம் முடிந்த பின் வந்தது. ஆனி மாதத்திலும் சென்னையில் வெப்பம் தணிவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த மேல்காற்றாகவே இந்நகரை அடைவது இதற்குக் காரணம்.

தில்லியோடு ஒப்பிட்டால் சென்னையின் தனித்தன்மை விளங்கும். தில்லியின் உச்சத்தேவை 2024 சூன் 19 அன்று 8,656 மெகாவாட்டாக இருந்தது. அந்நகருக்குக் குளிர்காலத்திலும் அறை சூடேற்றிகளாலும் நீர் சூடேற்றிகளாலும் மற்றொரு சிறு உச்சம் உண்டு. வெப்பநிலையை ஓர் அச்சிலும் மின்தேவையை மற்றோர் அச்சிலும் வைத்து வரைந்தால் தில்லிக்குக் கிடைப்பது நடுவில் பள்ளமுள்ள வளைகோடு. சென்னைக்கு அத்தகைய இடப்பக்க ஏற்றம் இல்லை. மார்கழியில் தேவை தாழும். அதற்கு மேல் குளிர்ந்தாலும் ஏறாது.

மார்கழியிலும் வணிகக் கட்டடங்களில் குளிரூட்டல் முற்றிலும் நிற்பதில்லை என்பது கருதத்தக்கது. விளக்குகள், கணினிகள், மின்தூக்கிகள், மனித உடல்கள் ஆகியவை உள்ளிருந்தே வெப்பத்தை வெளியிடுகின்றன. வெளியே 25 டிகிரி இருக்கும்போது ஒரு வீட்டில் சாளரத்தைத் திறந்தால் போதும். அதே வேளையில் பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்தின் நடுப்பகுதிக்குக் குளிரூட்டி தேவைப்படும். மேலும், சென்னையின் அகலாங்கு வடக்கே 13 டிகிரி. ஏப்ரல் இறுதியில் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நின்று கூரையைச் சுடுகிறது. திசம்பரில் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நின்று தெற்கு நோக்கிய கண்ணாடிச் சுவரைச் சுடுகிறது. குளிர்ந்த மாதத்தின் நண்பகலில் சில அலுவலக வளாகங்களின் மின்பளு எதிர்பாராமல் உயர்வதற்கு இதுவும் காரணம்.

வெப்பமா, ஈரமா?

குளிரூட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று காற்றின் வெப்பநிலையைக் குறைப்பது; மற்றொன்று காற்றில் கலந்துள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக்கி வெளியேற்றுவது. ஒரு கிலோகிராம் நீராவியை நீராக்க ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். இந்த உள்ளுறை வெப்பத்தை வெப்பநிலைமானி காட்டாது.

இரண்டு பொழுதுகளை ஒப்பிட்டுக் காணலாம். முதலாவது, மேல்காற்று வீசும் நண்பகல்: 40 டிகிரி வெப்பநிலை, 30 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம். இரண்டாவது, கடற்காற்று புகுந்த பின்னைய மாலை: 33 டிகிரி, 70 விழுக்காடு. முதலாவதில் ஒரு கிலோகிராம் உலர்காற்றுடன் சேர்ந்துள்ள மொத்த வெப்ப உள்ளடக்கம் ஏறத்தாழ 76 கிலோஜூல். இரண்டாவதில் 91 கிலோஜூல். கடையின் உட்புறம் 25 டிகிரியிலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருக்க வேண்டுமெனில், அதன் உள்ளடக்கம் 50 கிலோஜூல். அதாவது வெளிக்காற்றை உள்ளே ஏற்றுப் பதப்படுத்த, நண்பகலில் கிலோகிராமுக்கு 26 கிலோஜூலும் மாலையில் 41 கிலோஜூலும் அகற்றப்பட வேண்டும். வெப்பநிலை 7 டிகிரி குறைந்திருந்தும் வெளிக்காற்றின் பளு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

இக்கணக்கு எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது. வெளிக்காற்று மிகுதியாகப் புகும் இடங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். வாடிக்கையாளரை வரவேற்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் துணிக்கடை இதற்குச் சரியான சான்று. அதற்கு மாறாக, கதவு மூடிய சிறு அலுவலகத்தில் மேற்குச் சுவர் வழியே வரும் வெப்பமே முதன்மையானது. அது வெப்பநிலையையும் வெயிலையும் பின்பற்றும்.

குளிரூட்டும் கருவியின் வகையும் வேறுபாட்டைத் தோற்றுவிக்கிறது. சிறு கடைகளின் பிரிநிலைக் குளிரூட்டிகள் தம் வெப்பத்தை நேரே வெளிக்காற்றில் விடுகின்றன. வெளியே வெப்பம் ஏற ஏற அமுக்கி கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக உழைக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு கூடும்; குளிரூட்டும் திறனும் உடன் குறையும். 35 டிகிரியில் அளவிடப்பட்ட கருவியின் திறன் 42 டிகிரியில் அப்படியே இருப்பதில்லை. பெரிய வணிக வளாகங்களின் நீர்வழிக் குளிரூட்டிகளோ குளிர்கோபுரத்தில் நீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. அவற்றுக்கு அளவுகோல் ஈரக்குமிழ் வெப்பநிலை. மேற்கண்ட நண்பகலில் அது ஏறத்தாழ 25 டிகிரி; மாலையில் 28 டிகிரி. எனவே வெயில் கொளுத்தும் உலர்நாளில் வளாகத்தின் கருவி எளிதாக இயங்க, அதே தெருவின் சிறு கடைக் கருவி திணறும். மாலைப் புழுக்கத்தில் நிலைமை தலைகீழாகும். ஒரே மின்னூட்டியில் இணைந்த இரு கட்டடங்கள் இரு வேறு வானிலைக் கூறுகளுக்கு விடை தருகின்றன.

குளிர்கோபுரம் நீரையும் சார்ந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்ட 2019 சூனில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்து பணியாற்றச் சொல்ல நேர்ந்தது. பருவமழை பொய்த்த ஆண்டின் விளைவு அடுத்த கோடையின் அலுவலக மின்தேவையைத் தொடும் வழிகளுள் இதுவும் ஒன்று.

தெருவின் மொத்தப் பளு

ஒரு தெருவில் நூறு குளிரூட்டிகள் இருந்தால், அவற்றின் பளுவைக் கூட்டி வருவது தெருவின் உச்சத்தேவை ஆகாது. மிதமான நாளில் ஒவ்வொரு கருவியும் சிறிது நேரம் ஓடி, அறை குளிர்ந்ததும் நின்று, மீண்டும் ஓடும். ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும். இந்த மாறி ஓடும் தன்மையே மின்பகிர்மானத்தைக் காக்கிறது. வெப்பம் ஏறும்போது ஒவ்வொன்றும் நிற்கும் நேரம் சுருங்குகிறது. ஓர் எல்லைக்குப் பின் எதுவும் நிற்பதில்லை. நூறும் ஒரே வேளையில் ஓடுகின்றன. அப்போதுதான் கூட்டுத்தொகையும் உண்மைப் பளுவும் ஒன்றாகின்றன.

இதனால் வெப்பத்துக்கும் மின்தேவைக்கும் இடையிலான உறவு நேர்கோடாக அமைவதில்லை. தொடக்கத்தில் மெல்ல ஏறி, நடுவில் செங்குத்தாகி, இறுதியில் தட்டையாகிறது. தட்டையான பகுதியில் இன்னும் இரண்டு டிகிரி கூடினாலும் உச்சத்தின் உயரம் பெரிதும் மாறாது. ஆனால் அந்த உச்சம் நீடிக்கும் நேரம் கூடும். நேர்கோட்டுச் சார்புப் பகுப்பாய்வைப் பயன்படுத்தும் ஆய்வேடுகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே. மிதமான நாள்களின் தரவைக் கொண்டு வரைந்த கோடு நடுப்பகுதியின் செங்குத்தைத் தவறவிடும். அல்லது கடும் நாளுக்கு நிகழாத உயரத்தைக் கணித்துவிட்டு, நிகழப்போகும் நீளத்தைக் கணக்கில் கொள்ளாது விடும். மின்மாற்றிக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் அந்த நீளமே.

மின்தடைக்குப் பின் வரும் உச்சமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கோடை மாலையில் ஒரு மணி நேரம் மின்சாரம் நின்று மீண்டால், வெம்மையேறிய அறைகள் அனைத்திலும் கருவிகள் ஒரே நேரத்தில் தொடங்கும். மாறி ஓடும் தன்மை முற்றிலும் அழிந்திருக்கும். தடைக்கு முந்தைய பளுவை விட மீண்ட பின்னைய பளு மிகுதியாகி, மின்னூட்டி மறுபடியும் துண்டிக்கப்படுவதுண்டு. பகுதி பகுதியாக மின்சாரத்தை மீட்கும் ஊழியர்களின் நடைமுறைக்குக் காரணம் இதுவே. வெளியே காத்திருக்கும் வணிகர்களுக்கு அது தாமதமாகத் தோன்றுவதும் இயல்பே.

சிறுபொழுது: கடற்காற்றும் இரவும்

சென்னை நெய்தல் நிலம். நெய்தலுக்குரிய சிறுபொழுதாக எற்பாட்டைத் தொல்காப்பியம் வைக்கிறது. அச்சொல்லின் பொருள் குறித்துக் கருத்து வேறுபாடு இருப்பினும், பகலவன் சாயும் வேளை என்னும் பொருளைக் கொண்டால், இந்நகரின் வணிக மின்தேவைக்கும் அதுவே திருப்புமுனைப் பொழுதாகும்.

இளவேனிலில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி நகருக்குள் புகுகிறது. அதனால் வெப்பநிலையின் ஏற்றம் தடைபட்டு, அலுவலக வளாகங்களின் உச்சம் பிற்பகலின் முற்பகுதியோடு நின்றுவிடும். முதுவேனிலில் மேல்காற்று வலிமையாக வீசும் நாள்களில் கடற்காற்று பிற்பகல் வரை தள்ளிப் போகிறது. சில நாள்களில் வருவதேயில்லை. அன்று அலுவலகங்களின் உச்சம் மாலை வரை நீண்டு, கடைவீதிகளின் உச்சத்தோடு கலக்கிறது. இரண்டு உச்சங்கள் வெவ்வேறு நேரத்தில் வருவதை நம்பி அமைக்கப்பட்ட துணைமின்நிலையத்துக்கு இந்தக் கலப்பே பெரும் சோதனை. வெப்பநிலை இரு நாள்களிலும் ஒன்றாகவே பதிவாகியிருக்கலாம். வேறுபடுவது காற்றின் திசை.

கட்டடங்களின் நினைவாற்றலும் இதில் சேர்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கற்காரைச் சுவர்கள் பல மணி நேரம் கழித்தே அவ்வெப்பத்தை உள்ளே விடுகின்றன. மாலை 7 மணிக்குத் தியாகராய நகரின் ஒரு கடை எதிர்கொள்வது பிற்பகல் 3 மணியின் வெயிலை. அவ்வேளையில் கடற்காற்றின் ஈரமும் கூட்டத்தின் வெப்பமும் அதனோடு சேர்கின்றன. நின்றும் மெல்ல நடந்தும் பொருள் வாங்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 130 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதில் கணிசமான பகுதி வியர்வையின் ஈரம். 2,000 பேர் நிறைந்த கடையில் மக்களால் மட்டும் 260 கிலோவாட் வெப்பம் சேரும். அதனை அகற்ற ஏறத்தாழ 74 டன் திறனுள்ள குளிரூட்டல் வேண்டும். கோடையில் மக்கள் வெயில் தாழ்ந்த பின்னரே கடைக்கு வருவதால், இக்கூறும் மாலையையே சென்றடைகிறது.

கூதிர்க்காலத்தின் நிலை வேறு. தொடர்மழை நாளில் வெப்பநிலை தாழ்ந்து குளிரூட்டல் குறையும், கூட்டமும் குறையும். ஆனால் தீபாவளி இக்காலத்தை ஒட்டியே வருகிறது. மழை விட்ட புழுக்கமான ஐப்பசி மாலையில் ஒரு துணிக்கடையின் தேவை கோடை நாளின் தேவையை நெருங்குவது வியப்பன்று. மழைக்காலத்தின் பெரும் இடர் உச்சத்தேவையைக் காட்டிலும் விநியோகத் தடையே. 2016 திசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் பாதுகாப்புக் கருதி மின்சாரம் நிறுத்தப்பட்டது.

மின்மாற்றியின் ஓய்வு

எண்ணெயில் அமிழ்ந்த மின்மாற்றியின் ஆயுள் என்பது அதன் கம்பிச் சுருள்களைச் சுற்றியுள்ள காப்புத்தாளின் ஆயுளே. பன்னாட்டு மின்நுட்பக் குழுவின் வழிகாட்டுதல்படி, வழக்கமான காப்புத்தாளில் மிகு வெப்பப் புள்ளி 98 டிகிரியைக் கடந்து ஒவ்வொரு 6 டிகிரி உயரும்போதும் முதுமையடையும் வேகம் இரட்டிக்கிறது. சுற்றுப்புறம் சூடானால் மின்மாற்றி தாங்கும் பளு குறைகிறது. அதே வேளையில்தான் அதன்மேல் வைக்கப்படும் பளு கூடுகிறது. கருவி நலிந்திருக்கும் நேரமும் உழைப்பு மிகுந்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைவது கோடையின் இயல்பு.

தனித்த வணிகப் பகுதியில் இதற்கு ஓர் ஈடு உண்டு. இரவு 10 மணிக்குக் கடைகள் அடைபட்ட பின் மின்மாற்றி விடியும் வரை ஆறலாம். ஆனால் தியாகராய நகர், மாம்பலம், புரசைவாக்கம் ஆகியவை தனித்த வணிகப் பகுதிகள் அல்ல. கடைவீதிக்குப் பின்னால் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கடைகள் அடையும் நேரத்தில் படுக்கையறைக் குளிரூட்டிகள் இயங்கத் தொடங்குகின்றன. ஈரம் மிகுந்த கடற்கரை நகரின் இரவு வெப்பநிலையோ கோடையில் மெல்லவே குறைகிறது. பகலில் வணிகத்துக்கும் இரவில் வீட்டுக்கும் உழைக்கும் இத்தகைய மின்மாற்றிக்கு ஓய்வு நேரமே இல்லை. அது பழுதானால் நள்ளிரவில் துன்புறுவோர் பெரும்பாலும் பின்தெருவில் குடியிருப்போர். அப்பழுதுக்குக் காரணமான வெப்பத்தின் ஒரு பகுதி மாலைக் கடைவீதியில் சேர்ந்தது. பகலின் அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் பதிவு செய்யும் ஆய்வுகளில் இவ்விடர் தென்படாது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் சேர்த்துக் கருதப்பட வேண்டும்.

கட்டணத்தின் கடிகாரம்

தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோர் மின்சாரத்துக்குச் செலுத்தும் தொகையில் இரண்டு கூறுகள் உச்சத்தோடு தொடர்புடையவை. முதலாவது கேட்புக் கட்டணம். ஒரு மாதத்தில் பதிவான உச்சக் கேட்பு, ஒப்பந்தக் கேட்பின் 90 விழுக்காடு ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கு இது விதிக்கப்படுகிறது. உச்சக் கேட்பு பொதுவாகத் தொடர்ந்த அரைமணி நேர அளவீட்டில் கணக்கிடப்படுவதால், ஒரே ஒரு வைகாசி மாலை அந்த மாதத்தின் தொகையை முடிவு செய்துவிட முடியும். அந்த மாலைக்கு ஏற்ப ஒப்பந்தத்தை உயர்த்திக்கொண்ட வணிகர், மார்கழியிலும் பயன்படுத்தாத திறனுக்குப் பணம் செலுத்துகிறார். கோடையில் மட்டும் உச்சம் காணும் சிறு நிறுவனங்களுக்கு இது பெருஞ்சுமை.

இரண்டாவது உச்சநேரக் கட்டணம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி காலை 6 முதல் 10 மணி வரையும் மாலை 6 முதல் 10 மணி வரையும் ஆற்றல் கட்டணத்தில் 25 விழுக்காடு கூடுதலாகப் பெறப்படுகிறது. மாலைப் பகுதி கடைவீதிக்குப் பொருந்துகிறது. காலைப் பகுதியில் பெரும்பாலான கடைகள் திறந்தே இருப்பதில்லை. 2023 சூனில் திருத்தப்பட்ட நடுவண் விதிகள், சூரிய ஒளி மிகுந்த நேரங்களில் கட்டணத்தைக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்த்தவும், உச்ச நேரங்களில் வணிக, தொழில் நுகர்வோருக்கு இயல்பான கட்டணத்தின் 1.2 மடங்குக்குக் குறையாமல் வைக்கவும் வழிசெய்தன.

நாளின் நேரத்தைக் கருதும் இவ்வாணையின் உச்சநேரப் பகுப்பு, ஆண்டின் பருவத்தைக் கருதவில்லை. சித்திரைக்கும் மார்கழிக்கும் ஒரே கடிகாரம். ஆனால் தமிழ்நாட்டின் மின்வழங்கலோ பருவத்தால் பெரிதும் மாறுவது. 10,000 மெகாவாட்டைக் கடந்த காற்றாலைத் திறன், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே தென்மேற்குக் காற்று புகும் மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையே முழு வலிமை பெறுகிறது. ஏப்ரலிலும் மே முற்பகுதியிலும் தேவை உச்சத்தில் நிற்கக் காற்று இன்னும் எழுவதில்லை; சூரிய மின்சாரமோ மாலை 6 மணிக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டின் மிக நெருக்கடியான மாலைகள் இவையே. ஆனி மாதத்து மாலையில் தேவை இதே அளவில் இருந்தாலும், காற்றாலைகள் சுழல்வதால் மாநில அளவில் நெருக்கடி குறைவு. அப்போது இடர் உள்ளூர் மின்மாற்றியில் மட்டும் தங்குகிறது. மாநிலத்தின் உச்சமும் தெருவின் உச்சமும் ஒரே கட்டண விதியால் கட்டுப்படும் எனக் கொள்வது பொருந்தாது.

கோடை மாலைகளுக்குத் தனிப் பருவக் கட்டணம் விதிப்பது, பருவத்துக்கேற்ப ஒப்பந்தக் கேட்பை மாற்றிக்கொள்ள இசைவு தருவது, நண்பகலில் சூரிய மின்சாரம் மலிவாக உள்ளபோது குளிர்நீரையோ பனிக்கட்டியையோ சேமித்து மாலையில் பயன்படுத்தும் வளாகங்களுக்குச் சலுகை வழங்குவது ஆகியன ஆராயத்தக்கவை. இவற்றின் பயனை அளவிட, மின்னூட்டி அளவிலான அரைமணி நேரத் தரவோடு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் மணிவாரியான ஈரக்குமிழ் வெப்பநிலையையும் காற்றின் திசையையும் இணைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஓர் அதிகபட்ச வெப்பநிலை என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு இப்பணியைச் செய்ய இயலாது.